கேட்டது கேட்டதுதான்: இணைய ஏலத்தில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

2023 பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தில், சிம்லா மாவட்டத்துக் கோட்காயில், ஒரு வண்டி எண் இணையத்தில் ஏலத்துக்கு வந்தது. எச்பி 99 9999. தொடக்க விலை 1,000 ரூபாய். ஒரு ஸ்கூட்டருக்காகக் கேட்கப்பட்ட அந்த எண்ணின் விலை ஒரு கோடியே 12 லட்சத்தைத் தொட்டது. பணம் கட்டும் நேரம் வந்தபோது, கேட்டவர்களைக் காணோம். 2025 நவம்பரில் ஹரியானாவில் எட்டுகளாக அடுக்கிய இன்னொரு எண் 50,000 ரூபாயில் தொடங்கி 1.17 கோடிக்குப் போனது. கேட்டவர் கெடுவுக்குள் கட்டவில்லை. ஏலத்தில் கலந்துகொள்ள அவர் செலுத்தியிருந்தது 11,000 ரூபாய், இழந்ததும் அவ்வளவுதான்.

இந்த இரண்டு கதைகளையும் வைத்துத்தான் நான் புதியவர்களுக்குப் பாடத்தைத் தொடங்குவது வழக்கம். பதினோராயிரம் போனால் போகட்டும் என்று நினைப்பவர், வீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கோடி ரூபாய்க்குக் கேள்வி, அதாவது ஏலத்தில் கேட்கும் விலை, வைக்கலாம். ஆகவே ஏலப் பக்கத்தைத் திறந்ததும் விலையைப் பார்க்காதீர்கள். முதலில் வைப்புத்தொகை எவ்வளவு, எப்போது பறிமுதல் ஆகும் என்று பாருங்கள். உங்கள் எதிரில் கேட்பவர் மெய்யாகவே வாங்க வந்தவரா, வேடிக்கை காட்ட வந்தவரா என்பதை அதை வைத்துத்தான் ஓரளவு மதிப்பிட முடியும்.

ஊரில் புளியமர மகசூல் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புரியும். “ஒரு தரம்… இரண்டு தரம்…” என்று ஒருவர் இழுக்கும்போது, எதிரே கேட்பவர் யார், யாருக்காகக் கேட்கிறார், அவரிடம் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் கூட்டத்துக்கே தெரியும். இணைய ஏலத்தில் அந்தக் கூட்டம் இல்லை. நான்கு எழுத்தும் சில உடுக்குறிகளும் (*) கொண்ட ஒரு பெயர் மட்டும் திரையில் தெரியும்.

முதல் படி: எந்த வகை ஏலம் என்று பிரித்துப் பாருங்கள்

பழைய நாணயம், கேமரா, கடிகாரம், பயன்படுத்திய கார் போன்ற பொருள்களைத் தனிநபர்களோ வியாபாரிகளோ விற்கும் ஏலம் ஒரு வகை. வாராக்கடனுக்காக வங்கிகள் வீடு, மனை, தொழிற்கூடங்களை விற்கும் ஏலம் இன்னொரு வகை. இரண்டிலும் திரை ஒரே மாதிரி இருக்கும், பொத்தானும் ஒன்றுதான். பொத்தானை அழுத்திய பிறகு நடப்பதில்தான் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு.

பொருள்களுக்கான ஏலத்தை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவு ஆள்கிறது. ஏலம் முடிந்ததாகச் சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கும் வரை, கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தானும் ஏலம் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தானே கேட்டாலோ, தன் சார்பில் ஆளை வைத்துக் கேட்கச் செய்தாலோ, அந்த விற்பனையை மோசடி என்று கருத வாங்கியவருக்கு உரிமை உண்டு. விலையை ஏற்றிவிட விற்பவர் போலிக் கேள்வி வைத்திருந்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுதப்பட்ட பிரிவு இது. பொருள் வாங்குகிறவர்களுக்கு இன்றைக்கும் இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது.

வீடும் மனையும் இந்தச் சட்டத்தின் கீழ் வராது. அந்தக் கணக்கு தனி, பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: போலிக் கேள்வி எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான பொருள் ஏலத் தளங்களில் உங்கள் உச்ச விலையை ஒரே தடவை கொடுத்துவிடலாம். யாராவது ஏற்றினால், உங்கள் சார்பில் தளமே தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றிக் கேட்கும். இந்த வசதியில்தான் ஓட்டை இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன்.

ஒரு தளத்தில் 1862ஆம் ஆண்டு விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 500 ரூபாயில் தொடக்கம். நான் 4,000 என்று உச்ச விலை கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். எனக்குப் போட்டியாக வந்த ஒருவர் 1,900 வரை வந்து நின்றுவிட்டார். காலையில் பார்த்தால் என் கேள்வி 4,000த்தில் நிற்கிறது. ஏல வரலாற்றைத் திறந்தேன். இரவு 11.42க்கு ஒரு புதிய பெயர் 2,400 கேட்டிருக்கிறது. ஒரு நிமிடம் கழித்து 2,900. அடுத்து 3,400. அடுத்து 3,900. கடைசியாக 3,950. அதோடு நின்றுவிட்டது.

உண்மையாக வாங்க வந்தவர் நாலு நிமிடத்தில் ஐந்து முறை படியேறி, அடுத்தவருடைய உச்சிக்கு 50 ரூபாய் கீழே சரியாக நிற்பது அபூர்வம். கிணற்றின் ஆழம் பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவது போன்ற வேலை அது. அந்தப் பெயரின் பழைய கேள்விகளைப் பார்த்தேன். பன்னிரண்டு ஏலங்கள், பன்னிரண்டும் இதே விற்பனையாளருடையவை, ஒன்றில்கூட அந்தப் பெயர் வென்றிருக்கவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவையும் இவைதாம். ஒரே விற்பனையாளரிடம் மட்டும் கேட்கும் பெயர், எப்போதும் தோற்கும் பெயர், அண்மையில் தொடங்கிய கணக்கு, சிறு சிறு படியாக ஏறி உச்சம் தெரிந்ததும் நிற்கும் பழக்கம், உயரத்துக்குக் கேட்டுவிட்டுத் திரும்பப் பெறும் பழக்கம். இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்று சேர்ந்து தெரிந்தால் நான் விலகிவிடுவேன். இன்னொரு குறியும் உண்டு. தோற்றுவிட்டீர்கள், மறுநாள் விற்பனையாளர் “வென்றவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன்” என்று எழுதுகிறார். நியாயமாகவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் விலையை ஏற்றிவிட வந்த ஆள் கைதவறித் தானே வென்றுவிட்டாலும் இந்தக் கடிதம்தான் வரும்.

இந்தத் தொழிலில் உலகப் புகழ் பெற்ற வழக்கு ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் 2000ஆம் ஆண்டு நடந்தது. 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம், அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்ததோ என்ற எண்ணத்தைக் கிளப்பி 1,35,805 டாலர் வரை போனது. விற்றவரே வேறொரு பெயரில் கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. எஃப்பிஐ விசாரித்தபோது, மூன்று பேர் நாற்பதுக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏலங்களில் ஒருவருக்கொருவர் விலையை ஏற்றிவிட்டது வெளிவந்தது. 2001இல் வழக்குத் தொடரப்பட்டது. விற்பவரின் குடும்பத்தார், உடன் தங்கியிருப்பவர்கள், ஊழியர்கள் ஆகியோர் அவருடைய பொருளை ஏலம் கேட்கக் கூடாது என்பது ஈபேயின் விதி.

மூன்றாம் படி: பொருள் ஏலத்தில் உங்கள் விலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். உச்ச விலையை முதல் நாளே கொடுக்காதீர்கள். தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைசி நிமிடங்களில் கொடுங்கள். ஆழம் பார்க்கிறவனுக்கு நேரம் கிடைக்காது. 4,000 என்று முழு எண்ணாகக் கொடுப்பதும் வேண்டாம், 4,070 என்று கொடுங்கள். அதே பொருள் முன்பு என்ன விலைக்கு முடிந்தது என்று பழைய ஏலங்களில் தேடுங்கள். இன்னும் விற்காமல் கிடப்பதன் மேல் ஒட்டியிருக்கும் விலைக்கு மதிப்பு கிடையாது.

திரும்பப் பெறும் உரிமையைத் தளத்தின் விதி சுருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈபேயில் விலையைத் தவறாக அடித்துவிட்டீர்கள், அல்லது விற்பவர் பொருள் விவரத்தைக் கணிசமாக மாற்றிவிட்டார் என்பது போன்ற காரணம் வேண்டும். ஏலம் முடியப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வைத்த கேள்வி என்றால், வைத்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றாக வேண்டும். “மனைவி வேண்டாம் என்கிறார்” என்பது காரணப் பட்டியலில் இல்லை.

நான்காம் படி: வங்கி ஏலத்தின் பணக்கணக்கை முதலில் போடுங்கள்

இந்த வகை ஏலத்துக்கு நிறைய நேரம் கொடுங்கள். கடனுக்கு ஈடாக வைத்த சொத்தை வங்கி கையகப்படுத்தி விற்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ். அதற்கான விதிகளில் 9ஆவது விதியை மட்டுமாவது ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அதன் சாரத்தை ஓர் எடுத்துக்காட்டில் போடுகிறேன்.

ஒரு வீட்டின் குறைந்தபட்ச விலை 40 லட்சம். வைப்புத்தொகை பெரும்பாலும் பத்து சதவீதம் இருக்கும். 4 லட்சத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு உள்ளே போகிறீர்கள். 52 லட்சத்துக்கு உங்களுக்கே படிகிறது. அன்றைக்கே, அல்லது தாமதமாகப் போனால் அடுத்த வேலை நாளுக்குள், விற்பனை விலையில் 25 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். 13 லட்சம். கட்டிய 4 போக 9 லட்சம். வெள்ளிக்கிழமை மாலை வென்றவர், சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை என்றாலும் திங்கள்கிழமைக்குள் 9 லட்சம் புரட்ட வேண்டும். மீதி 39 லட்சத்தை, விற்பனை உறுதிசெய்யப்பட்ட பதினைந்தாம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் கெடு நீளலாம், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்தே கழிக்கும் வருமான வரி) பிடித்துச் செலுத்தும் பொறுப்பும் வாங்குகிறவருடையது. முத்திரைக் கட்டணமும் பதிவுச் செலவும் தனி.

கட்டத் தவறினால்? கொடுத்தது பறிமுதல். சொத்து மறுபடி ஏலத்துக்குப் போகும். உங்களுக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இராது.

“இவ்வளவு கடுமையாகவா நடந்துகொள்வார்கள், நீதிமன்றம் போனால் கொஞ்சமாவது திரும்ப வாங்கிவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கு அதற்குப் பதில். 12.27 கோடிக்கு ஒரு சொத்தை ஏலம் எடுத்தவர் கால் பங்கு, அதாவது மூன்று கோடிக்கு மேல், கட்டிவிட்டார். மீதியைக் கட்ட முடியவில்லை. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா அந்தத் தொகையைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே சொத்தை இன்னும் கூடுதல் விலைக்கு விற்றும்விட்டது. நட்டமே இல்லாதபோது முழுத் தொகையையும் வங்கி வைத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டு, பெரும்பகுதியைத் திருப்பித் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி பறிமுதல் என்கிறது, எனவே பறிமுதல் செல்லும்; ஒப்பந்தச் சட்டத்தின் நட்ட ஈட்டுக் கணக்கை இதற்குள் கொண்டுவர முடியாது என்றது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. மூன்று கோடி என்பது ஒருவருடைய வாழ்நாள் சேமிப்பாக இருக்கலாம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கவலை புரிகிறது. கடனாளியின் ஆட்களே டம்மியாக வந்து எட்டாத விலைக்குக் கேட்டு, ஏலத்தைக் கெடுத்து, மாதக்கணக்கில் காலம் கடத்துவதைத் தடுக்க இந்த 25 சதவீதப் பூட்டுதான் இருக்கிறது. வண்டி எண் ஏலத்தின் 11,000 ரூபாயை இதோடு ஒப்பிட்டால், வங்கி ஏலத்தில் போலிக் கேள்வி ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பது தெரியும்.

அப்படியென்றால் கேட்டுவிட்டு, முடிவதற்குள் திரும்பப் பெறலாமா? 2003இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தொடர்பான டெண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. ஏற்கப்படும் முன்பு கேள்வியைத் திரும்பப் பெறும் உரிமை ஒன்று. திரும்பப் பெற்றால் வைப்புத்தொகை போகும் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை வேறு. விலகலாம், பணம் போகும். வங்கிகளின் ஏல நிபந்தனையில் இந்த வரி அநேகமாக இருக்கும். இணையத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பெட்டியில் வைத்த குறி கையெழுத்தா என்று வாதாடவும் இடமில்லை. மின்னணு வடிவில் ஆனது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது.

கட்டுப்பாடு மறுபக்கமும் உண்டு என்பது ஆறுதல். ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனாளி பணத்தோடு வந்து “சொத்தை மீட்டுக்கொள்கிறேன்” என்று உரிமை கோர முடியாது என 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஏலம் எடுத்து முழுப் பணமும் கட்டியவர் பக்கம்தான் நீதிமன்றம் நின்றது.

ஐந்தாம் படி: சொத்தையும் தளத்தையும் சரிபாருங்கள்

அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்றிருக்கும். வாடகைதாரர், பாக்கி வைத்த சொத்து வரி, மின்கட்டணம், வழக்கு எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். சுவாதீனம் எப்படி, அதாவது சொத்து யார் கையில் இருக்கிறது, என்ற வரியைத் தேடுங்கள். நேரடி சுவாதீனம் என்றால் சாவி வங்கியிடம் இருக்கிறது. அடையாள சுவாதீனம் என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி, உள்ளே குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கும். காலி செய்ய மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போக வேண்டியிருக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே எடுங்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று, ஏலத்தை நடத்தும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன பதிலுக்குச் சாட்சி இல்லை.

நான் ஒரு மனைக்கு முதல்முறை போனபோது அறிவிப்பில் இருந்த நான்கெல்லையும் நேரில் கண்ட நான்கெல்லையும் பொருந்தவில்லை. வடக்கே ‘பாதை’ என்று போட்டிருந்த இடத்தில் ஒருவர் மாட்டுத் தொழுவம் கட்டியிருந்தார். மாட்டுக்காரரிடம் ஒரு டீ குடித்தபடி கேட்ட அரைமணி நேரத்தில் தெரிந்தது, எந்த ஆவணத்திலும் இல்லை.

தளமும் போலியாக இருக்கலாம். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய பாங்க்நெட் தளம் இருக்கிறது. எந்தத் தளமானாலும், வங்கியின் சொந்த இணையதளத்திலோ நாளிதழ் அறிவிப்பிலோ உள்ள முகவரியைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். வாட்ஸப்பில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். வைப்புத்தொகை தளத்தின் பணப்பையிலோ அறிவிப்பில் உள்ள வங்கிக் கணக்கிலோதான் சேரும். தனிநபர் யுபிஐக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுப்பிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: ஏல நாள்

வங்கி ஏலத்தில் ‘மூன்று தரம்’ சொல்ல ஆள் கிடையாது. அதற்குப் பதிலாகத் தானியங்கி நீட்டிப்பு: கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் கூடும் என்பது போன்ற ஏற்பாடு. சில ஏலங்களில் பத்து நிமிடம். பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டியது மூன்று மணி வரை இழுக்கலாம். கடைசி நொடியில் கேட்கும் தந்திரம் இங்கே பலிக்காது. இந்த நீட்டிப்பு நேரத்தில்தான் பலர் தாளில் எழுதிய எண்ணை மறக்கிறார்கள். இன்னும் 25,000தானே, இன்னும் 25,000தானே என்று ஏறி ஏறி நான்கு லட்சம் தாண்டிவிடும். நான் எண்ணை எழுதி என் தங்கையிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். அவள் போதும் என்றால் மடிக்கணினியை மூடிவிடுவேன்.

பூஜ்யத்தைக் கவனியுங்கள். தொகையை எழுத்தாலும் காட்டும் தளங்களில், அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்த பிறகே உறுதி செய்யுங்கள். தவறுதலாக அடித்தேன் என்று பின்னால் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏழாம் படி: போலி என்று சந்தேகம் வந்தால்

சண்டை போடுவதற்கு முன்பு படம் பிடியுங்கள். ஏல எண், கேள்விகளின் வரிசை, நேரம், பயனர் பெயர், அந்தப் பெயரின் பழைய ஏலங்கள், விற்பவருடன் நடந்த உரையாடல். ஏலம் முடிந்த பிறகு சில தளங்கள் இதை மறைத்துவிடும். பிறகு தளத்துக்குச் சுருக்கமாக எழுதுங்கள். கோபத்தை வெட்டிவிட்டு நேரங்களை மட்டும் வையுங்கள். என் பெயரில் முடிந்த அந்த விக்டோரியா நாணய ஏலத்துக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

“இந்த ஏலத்தில் இரவு 11.42 முதல் 11.46 வரை ஒரே பெயர் ஐந்து முறை கேட்டிருக்கிறது. அந்தப் பெயர் இதுவரை கேட்ட பன்னிரண்டு ஏலங்களும் இதே விற்பனையாளருடையவை. விற்பவர் ஏலம் கேட்கும் உரிமையை அறிவிக்கவில்லை. சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆவது பிரிவின்படி இந்த விற்பனையை ரத்து செய்யக் கோருகிறேன். படங்கள் இணைப்பில்.”

பெரும் தொகை என்றால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். ஏமாற்றுதல் இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் வருகிறது. வங்கி ஏலத்தில் நடைமுறைக் கோளாறு என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம்தான் இடம். சர்ஃபேசி சட்டத்தின் 17ஆவது பிரிவில் மனு செய்ய 45 நாள் கெடு. அதற்கு வழக்கறிஞரைப் பிடித்துவிடுங்கள், சொந்தமாக முயல வேண்டாம்.

என் கடிதத்துக்குத் தளம் பதில் சொல்வதற்கு முன்பே விற்பவர் அழைத்துவிட்டார். அது போலிப் பெயர் இல்லையாம், அவருடைய மச்சானாம், அவருக்கும் நாணயம் என்றால் உயிராம். அப்படியானால் அவரே வாங்கிக்கொள்ளட்டுமே என்றேன். நான்காம் நாள் தளம் விற்பனையை ரத்து செய்தது. அடுத்த மாதம் அதே ரூபாய், விளிம்பில் அதே சிறு வெட்டுக் காயத்தோடு, மறுபடி 500 ரூபாயில் ஏலத்துக்கு வந்தது. மச்சான் அந்த முறை வேறு பெயரில் வந்திருந்தார்.